மறு: காஸ்டிக்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

முப்பரிமாணப் படம் உருவாக்கும் மென்பொருளான பிளெண்டருக்குரிய பாடக் கையேட்டின் ஏழாம் பயிற்சி, மேசைமேல் தலையை ஆட்டி ஆட்டித் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவையை நிழற்படம் போலவே ரெண்டர் செய்வது, அதாவது கணினி கணக்கிட்டுப் படமாக்குவது. வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பறவையின் அடிக்குமிழில் சிவப்புத் திரவம். விளக்கொளி அதனூடே புகுந்து, மேசையில் விழும் நிழலுக்கு நடுவே பளீரென்று ஒரு சிவப்பு நெளிவை வரைகிறதே, அதுதான் காஸ்டிக். 'ஒளிக்குவிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

—

> ஒளிக்குவிப்பு

வேண்டாம் ஐயா. குவிலென்சு, குவியம் படித்த மாணவர் ஒரு புள்ளியைத் தேடுவார். இது புள்ளியன்று, விலகிய கதிர்கள் எல்லாம் தொட்டுச் செல்லும் வளைகோடு. காஸ்டிக்கின் கிரேக்க வேருக்கு 'எரிப்பது' என்று பொருள். காஸ்டிக் சோடாவை 'எரிசோடா' என்று ஏற்கெனவே நாம் அப்படித்தான் பெயர்த்திருக்கிறோம். சூரியகாந்தக் கல் பஞ்சைச் சுடுவதைத் திருமூலரும் உவமையாக்கியிருக்கிறார். ஆகவே 'எரிவரை'; வரை என்றால் கோடு.

—

எரிவரையா? 'திரி எரிவரை காத்திரு' என்று படிப்பார்கள். 'வரை' என்றால் மலையும் ஆகுமே. எரிமலை வந்து நிற்கும். பறவை பாவம்.

'காஸ்டிக்' என்றே விடலாம். மென்பொருளின் பட்டியலில் அந்தச் சொல்தான் இருக்கிறது. மாணவர் தேட வேண்டியதும் அதைத்தான்.

—

சொல் இருக்கட்டும், வரைவில் ஒரு தவறு. திரவத்தைக் கண்ணாடிக்குள் சற்றே புதைத்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சாதாரண ரெண்டருக்கு அது சரி. ஆனால் பிளெண்டரின் ரெண்டர் பொறியான சைக்கிள்ஸில், நிழலுக்குள் காஸ்டிக்கைக் காட்டும் 'ஷேடோ காஸ்டிக்ஸ்' வசதி, ஒளி விலகும் பரப்புகள் நான்கு வரைதான் கணக்கிடும். புதைத்தால் கதிர் ஆறு பரப்புகளைக் கடக்க வேண்டும். நெளிவு வராது, கறுப்பு நிழல்தான் மிஞ்சும்.

பரப்புகளைப் பிரித்து வையுங்கள். வெளிக்கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.5. கண்ணாடியின் உட்புறம் காற்றைத் தொடும் பகுதிக்கும் 1.5, ஆனால் நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று காட்டும் திசை) குழிவுக்குள் பார்க்க வேண்டும். திரவம் டைகுளோரோமீத்தேன், அதன் எண் 1.42, எனவே திரவம் கண்ணாடியைத் தொடும் பரப்புக்கு 1.42-ஐ 1.5-ஆல் வகுத்து 0.95, நார்மல் கண்ணாடியை நோக்கி. திரவத்தின் மேல்மட்டத்துக்கு 1.42, நார்மல் மேல்நோக்கி. இப்போது மேல்மட்டத்தைத் தொடாமல் அடிக்குமிழின் திரவத்தைக் கடக்கும் கதிருக்குச் சரியாக நான்கு பரப்புகள்.

விளக்கு, குமிழ், மேசை மூன்றிலும் ஷேடோ காஸ்டிக்ஸ் தேர்வைத் தனித்தனியே குறியிட வேண்டும். மேசையை மறப்பவர்களே அதிகம். பரப்பை வழவழப்பாகக் காட்டும் 'ஷேட் ஸ்மூத்' கட்டாயம். விளக்கின் அகலம் 2–3 செ.மீ. இருந்தால் கோடு கூர்மையாக விழும். 50 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (மென்னொளி தரும் அகல விளக்கு) வைத்தால் கரைந்துபோகும். அப்புறம் பெயர் வைக்கவே ஒன்றும் இருக்காது.

—

திருத்தத்துக்கு நன்றி. 'சுடர்க்கோலம்' எப்படி? எரிவின் வாடையும் உண்டு, பார்த்தவுடன் புரியும்.

—

நல்ல சொல். ஆனால் ஒற்று எதற்கு? சுடர்தல் வினை. சுடர்ந்த, சுடர்கின்ற, சுடரும் கோலம் வினைத்தொகை; வல்லினம் மிகாது. 'சுடர்கோலம்' என்றே எழுத வேண்டும்.

—

சுடரால் ஆன கோலம் என்று விரித்தால் வேற்றுமைத்தொகை. மிகும். இங்கே சுடர் பெயர்ச்சொல்.

—

கோலத்தை யார் போட்டது? ஒளி. அப்படியானால் 'ஒளிக்கோலம்' போதுமே?

—

அது மேடை விளக்கு அலங்காரம் போல இருக்கிறது. கதிர்ப்பரப்பு தன்மேலேயே மடிவதால்தான் இந்தக் கோடு பிறக்கிறது. 'ஒளிமடிப்பு' என்றால் காரணமே பெயராகிவிடும்.

—

மடித்த ஒளியைப் பெட்டியில் வைப்பதா, பீரோவில் வைப்பதா? (மன்னிக்க.)

—

இன்று வியாழன். 'சுடர்க்கோலம்' என்று ஒற்றுடன் போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'காஸ்டிக் எனப்படும்' என்று சேர்த்து அனுப்புகிறேன். ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு. பட்டியல் பெயர்களைத் தொடவில்லை.

—

ஒற்றுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். படம் 3-இன் விளக்கத்தில் நீங்களே 'சுடர்கோலம்' என்றுதான் அடித்திருக்கிறீர்கள்.