லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு லைற் போட எந்தப் பற்றரி நல்லம்?

ஒட்டுசுட்டான் கச்சான்கடை:
வணக்கம். லாண்ட்மாஸ்டர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெசின், அதின்ர பெட்டியில கச்சான், கடலை, சோளம் வச்சு விக்கிறம். பின்னேரம் சந்தையடி, வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய நிப்பம். 12 வோல்ற் எல்ஈடி பல்ப், 9 வற்ஸ், நாலு கொழுவியிருக்கு. பழைய லொறிப் பற்றரி ஒண்டு வாங்கினன், முதல் மாசம் சோக்கா இருந்தது, இப்ப எட்டரைக்கே மங்குது, போன கிழமை அம்மா போன் வெளிச்சத்தில கச்சான் அளந்தவ, பாக்க மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. ஜெனரேற்றர் வேண்டாம், அந்தச் சத்தத்துக்குச் சனம் கிட்ட வராது. எத்தினை அம்பியர் வாங்க? லித்தியம் நல்லம் எண்டுகினம், உண்மையோ?

மாங்குளம் வயறிங்:
தம்பி, லொறிப் பற்றரி ஸ்ராட் அடிக்கத்தான். ஒரு சில செக்கனுக்குக் கனக்க அம்பியர் குடுக்கவெண்டு மெல்லிய தகடா அடுக்கியிருப்பாங்கள், நீங்கள் ஒவ்வொரு இரவும் அடிவரைக்கும் உறிஞ்ச, தகட்டில வெள்ளையாப் படிஞ்சு செத்திடும். கணக்கைப் பாருங்கோ, நாலு பல்பும் 36 வற்ஸ், 12ஆல பிரிச்சா 3 அம்பியர், 5 மணித்தியாலத்துக்கு 15 அம்பியர் அவர் (Ah, பற்றரி கொள்ளுற அளவு). ஈயப் பற்றரியில பாதிக்கு மேல எடுக்கக் கூடாது, அப்ப 30 வேணும், பழசாகப் பழசாகக் குறையும் எண்டதால நான் 40 எண்டுதான் சொல்லுவன். சோலருக்குப் பாவிக்கிற டீப் சைக்கிள், அதாவது ஒவ்வொரு நாளும் கனக்க இறக்கி ஏத்தத் தாங்கிறது, எண்டு கேட்டு வாங்குங்கோ. பொங்கலுக்கு 10 மணித்தியாலம் எண்டால் இரட்டிப்பு வேணும், இல்லாட்டி தொடக்கத்தில இருந்தே ரெண்டு பல்பை நிப்பாட்டுங்கோ. கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், பற்றரியைச் சாகவிட மனம் வராது.

புதுக்குடியிருப்பு றொட்டிக்கடை:
நான் போன வருசம் லித்தியம் அயன் பொஸ்பேற் (LiFePO4) பற்றரிக்கு மாறினனான். 12.8 வோல்ற், 20 அம்பியர் அவர், மூண்டு கிலோ அளவுதான், கடை சாத்தினதும் ஒரு கையால தூக்கிக்கொண்டு வீட்டை போவன். முந்தி ஈயப் பற்றரியை இறக்க ரெண்டு பேர் வேணும். இதில 15ஐ எடுத்தாலும் ஒண்டும் ஆகாது. விலை கூடத்தான், ஆனா கன வருசம் இருக்கும். உள்ளுக்க பிஎம்எஸ், அதுதான் பற்றரி கூட ஏறாம, அடியோட இறங்காம காக்கிற சேர்க்கிற், இருக்கோ எண்டு கேளுங்கோ தம்பி, பழைய சார்ஜரைக் கொழுவ வேண்டாம், 14.6 வோல்ற் லித்தியம் சார்ஜர்தான். வெயிலுக்க பெட்டியில விட்டிட்டுப் போகாதேங்கோ, எங்கட வெக்கைக்கு எந்தப் பற்றரியும் கெதியாப் பழுதாகும்.

மல்லாவி:
எதை வாங்கினாலும் பிளஸ் முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள 5 அம்பியர் பியூஸ் போடுங்கோ அண்ணை. எங்கட பெட்டியில குலுக்கத்துக்கு வயர் இரும்பு விளிம்பில உரஞ்சி, தோல் போய், புகை வந்த பிறகுதான் கண்டனாங்கள். வயர் போற இடமெல்லாம் ரியூப் வெட்டிச் சுத்துங்கோ. பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற இன்வேற்றர் தேவையில்லை, 12 வோல்ற் பல்புக்கு நேரா குடுங்கோ, சும்மா கரண்ட் வீண்.

ஒட்டுசுட்டான் கச்சான்கடை:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவால பாரம் தூக்கேலாது, அதால றொட்டிக்கடை அக்கா சொன்ன 20 லித்தியத்தையே எடுக்கிறன், பொங்கலுக்கு விடிய விடிய ரெண்டு பல்ப் மட்டும் காணும். நாளைக்குக் கிளிநொச்சி போறன், பியூஸும் சேத்து வாங்கிக்கொண்டு வாறன்.