'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் ஊளையிடுவது தெரமின் இல்லை

வால்வு வானொலி: பக்கத்து இழையில் ஒருவர், 1966-இல் பீச் பாய்ஸ் குழு வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் வருவது தெரமின் என்ற மின்னணு இசைக்கருவி என்று அடித்துச் சொல்கிறார். எத்தனை தடவைதான் திருத்துவது? அது எலக்ட்ரோ-தெரமின். வாசித்தவர் பால் டேனர், கிளென் மில்லர் குழுவின் டிராம்போன்காரர். தெரமினில் கை எதையும் தொடாது, ஆன்டெனா பக்கம் காற்றில் அசையும். டேனர் தொட்டு வாசித்தார்.

நெட்டைக்கம்பி: எழுதியது நான்தான். பெயரிலேயே தெரமின் இருக்கிறதே, அப்புறம் என்ன சார்?

வால்வு வானொலி: கடல்குதிரைக்குச் சேணம் கட்டுவீர்களா? எலக்ட்ரோ-தெரமின் பெட்டிக்குள் இருப்பது சைன் அலை ஆஸிலேட்டர், அதாவது ஒலிக்கான மின்னலையை உண்டாக்கும் சுற்று. வெளியே ஒரு பிடி. அதை நகர்த்தினால் கயிறு இழுத்து ஆஸிலேட்டரின் குமிழ் திரும்பும். எந்தச் சுரம் எங்கே என்று பெட்டி மேலேயே குறி போட்டிருக்கும். பல்லவியைக் கேளுங்கள்: சுரம் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நிற்கிறது. காற்றில் கை வைத்து அப்படி நிறுத்த முடியாது.

நெட்டைக்கம்பி: முடியாதா? கிளாரா ராக்மோர் தெரமினில் வயலின் மாதிரி சுத்தமாக நிறுத்துவார். முதலில் அந்த வரியை வாபஸ் வாங்குங்கள்.

வால்வு வானொலி: இந்தப் பாட்டில் ராக்மோரா வாசித்தார்? டேனர் வாசித்தார். தொட்டு வாசித்தார்.

சால்டர் புகை: கிட் வாங்கித் தெரமின் செய்தவன் நான். பின்னால் யாராவது நடந்தாலே சுரம் விலகும். உள்ளே இரண்டு ரேடியோ அலைவெண் ஆஸிலேட்டர்கள். கை கிட்டே வந்தால் ஒன்று மாறும், இரண்டின் வித்தியாசம்தான் நமக்குக் கேட்கிறது. காதுக்கு எல்லாம் ஒன்றுதான், விடுங்களேன்.

வால்வு வானொலி: 808 டிரம் மெஷினின் கைத்தட்டல் பற்றிய சண்டையிலும் இதையேதான் சொன்னீர்கள். மறக்கவில்லை.

சால்டர் புகை: அங்கே நான் சொன்னது சரி. அது பதிவு செய்த கைத்தட்டல் இல்லை, வடிகட்டிய வெள்ளை இரைச்சல், அந்த 'உஸ்' சத்தம். ஒப்புக்கொள்ளாதது நீங்கள்.

வால்வு வானொலி: அதை நான் மறுக்கவே இல்லை! பேச்சை மாற்றாதீர்கள்.

நெட்டைக்கம்பி: மேடையில் பீச் பாய்ஸ் பாடகர் மைக் லவ் வாசித்தாரே, அது?

வால்வு வானொலி: ராபர்ட் மோக் செய்து கொடுத்த ரிப்பன் கருவி, பட்டை மேல் விரலை நகர்த்தி வாசிப்பது. அதிலும் விரல் தொடுகிறது!

நெட்டைக்கம்பி: நான் தெரமின் என்றுதான் எழுதுவேன்.

வால்வு வானொலி: எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நிற்பேன். டேனர் தொட்டார்.

சால்டர் புகை: மறுக்கவே இல்லையா? உங்கள் பதிவு அங்கே அப்படியே இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன்.