க்ளூட்டன் ஆகாத பிள்ளையோட ஹோட்டலுக்குப் போன அனுபவம், நீங்களும் எழுதுங்க

பொண்ணுக்கு 7 வயசு, சீலியாக், அதாவது க்ளூட்டன் சாப்பிட்டா குடல் கெடற நோய். க்ளூட்டன் இருக்கற கோதுமை, பார்லி, ரை மூணு தானியமும் ஆயுசுக்கும் ஆகாது, மருந்து மாத்திரைன்னு ஒண்ணும் கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம். வீட்ல சமாளிச்சுடறோம், வெளில சாப்பிடப் போறப்பதான் வயித்துல புளியைக் கரைக்கும்.

"இதுல கோதுமை இருக்கா"ன்னு கேட்டா சர்வர் "இல்லங்க"ன்னு உடனே சொல்லிடுவாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவருக்குக் கோதுமைன்னா பிரெட், பாஸ்தா, கேக் அவ்வளவுதான். அதனால நான் இப்பல்லாம் எப்படி செய்யறீங்கன்னுதான் கேக்கறது. சமீபத்துல ஒரு இடத்துல க்ரில் சிக்கன் சொல்றதுக்கு முன்னாடி மேல என்ன தடவுவீங்கன்னு கேட்டேன், உப்பு, மிளகு, கொஞ்சம் சாஸ்னாரு. எந்த சாஸ்? சோயா சாஸ். பாட்டிலைக் கொஞ்சம் காட்ட முடியுமான்னு கேட்டதுக்கு முகம் சுளிக்காம எடுத்துட்டு வந்தாரு, கழுத்தெல்லாம் வழிஞ்சு பிசுபிசுன்னு, லேபிள் பாதி கிழிஞ்சு, மிச்சம் இருந்த பாதியிலயே கோதுமைன்னு போட்டிருக்கு. அவரே படிச்சுட்டு "இதை எல்லாத்துலயும் ஊத்தறோமே"ன்னு திகைச்சுப் போயிட்டாரு. உள்ள போய் சமையல்காரரையே கூட்டிட்டு வந்துட்டாரு. அந்த மனுஷன் பாப்பா பக்கத்துல குனிஞ்சு "உனக்குத் தனிச் சட்டில, உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டு செஞ்சு தரேன், கையை சோப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுவேன், சரியா"ன்னு கேட்டாரு. நான் எதுவும் சொல்லல, அவரா சொன்னது. அவர் நல்லா இருக்கணும்.

ஆனா எல்லா இடமும் அப்படி இல்ல. ஃப்ரைஸ் வெறும் உருளைக்கிழங்குதானே, அதே எண்ணெய்ல பிரெட் தூள் போட்ட சிக்கனும் பொரியுதான்னு கேட்டா "அவ்வளவு சூட்டுல எல்லாம் செத்துடும் மேடம்"ங்கறாங்க. சாகறதுக்கு அது என்ன கிருமியா? க்ளூட்டன் ஒரு புரதம், பொரிச்சாலும் அப்படியேதான் இருக்கும்.

---

அக்கா, எங்களுக்கு சாலட்ல நடந்துச்சு. பிரெட் துண்டு வேண்டாம்னு ரெண்டு வாட்டி சொல்லியும் மேல தூவிக் கொண்டு வந்துட்டாங்க, மாத்தித் தரேன்னு தட்டை எடுத்துட்டுப் போய் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தப்ப பிரெட் இல்ல, ஆனா இலைக்கு நடுவுல பொடிப் பொடியா தூள் ஒட்டிட்டு இருக்கு, கையால பொறுக்கிப் போட்டுட்டு அதே தட்டைத்தான் கொண்டு வந்திருக்காங்க. இப்ப என்ன செய்யறோம்னா, தப்பா வந்த தட்டைத் திருப்பிக் குடுக்கறதே இல்ல. "இது இங்கயே இருக்கட்டும், புதுசு வந்ததும் எடுத்துக்கோங்க"ன்னு சிரிச்ச முகமா சொல்லிடறது. ஐஸ்க்ரீம் கடையிலயும் ஒரு விஷயம், கோன்ல படற அதே கரண்டிதான் எல்லா டப்பாலயும் போகும். புது டப்பா பிரிச்சு கழுவின கரண்டில கப்புல குடுங்கன்னு கேளுங்க, கூட்டம் இல்லாதப்ப நிறைய பேர் செய்யறாங்க.

---

என் பையனுக்கும் இதேதான். எனக்கு ஹோட்டல்காரங்களை விட கூட வர்ற சொந்தக்காரங்கதான் பெரிய பாடு. "ஒரு வாய் குடுத்தா என்ன ஆகிடும், இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்"னு மேஜையிலயே ஆரம்பிச்சுடுவாங்க, சர்வரும் கேட்டுட்டு லேசா எடுத்துக்குவாரு. வில்லெம் டிக்கேன்னு டச்சுக் குழந்தை மருத்துவர் 1940கள்லயே கோதுமையை நிறுத்தினா இந்தப் பிள்ளைங்க தேறுதுன்னு காட்டிட்டாரு, புதுசுல்லாம் ஒண்ணும் கிடையாது. அளவும் சொல்லுங்க. க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறது கோடெக்ஸ்ங்கற உலக உணவுத் தர அமைப்போட அளவு. ஒரு பிரெட் துண்டுல மட்டும் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் இருக்கு. தினம் 50 மில்லிகிராம் உள்ள போனாலே குடல் கெடுதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க, அது பிரெட்டோட ஒரு சின்னப் பொருக்குதான். இதைச் சொன்னப்புறம் என் மாமியாரே சர்வர் கிட்ட "தம்பி, கரண்டியை மாத்துப்பா"ன்னு கேக்கறாங்க.

---

புதுசா சேர்ந்திருக்கேன், பொண்ணுக்கு இப்பதான் உறுதி ஆச்சு. க்ளாஸ் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு பீட்சா கடைக்குப் போறாங்க, அவளை அனுப்பலாமா, அங்க க்ளூட்டன் ஃப்ரீ பேஸ் இருக்குன்னு சொல்றாங்க, ஒண்ணும் புரியல அக்கா.

---

பேஸ் மட்டும் பாக்காதீங்கம்மா. பீட்சா கடையில மாவு காத்துலயே பறக்கும், பலகைல, ஓவன் அடுப்புல, வெட்டற கத்தில எல்லாத்துலயும் இருக்கும். மதியக் கூட்டம் முடிஞ்சு சாயங்காலக் கூட்டம் தொடங்கறதுக்குள்ள போன் பண்ணி மேனேஜர் கிட்ட பேசுங்க, தனி ட்ரே, தனி கத்தி, தனி இடம் இருக்கான்னு கேளுங்க. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா அங்க அவ சாப்பாடு வேண்டாம். "எங்களால உறுதி சொல்ல முடியாதுங்க"ன்னு சொன்னாங்கன்னா நன்றி சொல்லிட்டு, வீட்ல இருந்து கொண்டு வந்தா பரவாயில்லையான்னு அவங்க கிட்டயே கேட்டுடுங்க, அப்படி நேர்மையா பேசறவங்க பெரும்பாலும் சரின்னுடுவாங்க. அவளைப் போக வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்குப் பிடிச்சதையே டப்பால கட்டிக் குடுங்க, கூடவே தனி ஸ்பூன், கை துடைக்க ஈரத் துணி. சானிடைசர் இதுக்கு உதவாது, க்ளூட்டனைத் துடைச்சோ கழுவியோதான் எடுக்கணும். மேனேஜர் என்ன சொன்னாருன்னு இங்கயே எழுதுங்க, பாத்து சொல்றோம்.