புடவையில் பெடோமீட்டர் (நடக்கிற அடியை எண்ணுற கருவி) மாட்ட வழி என்ன? வண்டியில் போனாலும் எண்ணுது, நடந்தால் பாதிதான் காட்டுது

சத்துவாச்சாரி_மகன்:
அம்மாவுக்கு 61 வயசு, சர்க்கரை இருக்கு. தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். கொஞ்ச நாள் நடப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிஞ்சா ஆர்வம் நிக்கும்னு கிளிப் வச்ச மலிவான பெடோமீட்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். புடவையில் மாட்ட இடமில்லைன்னு கைப்பையில் போட்டா, நடந்ததில் பாதி கூட ஏறலை. ஆனா வண்டியில் பின்னாடி உட்கார்ந்து காட்பாடி போய் வந்தா நூத்துக்கணக்கில் ஏறிடுது. இதைத் தூக்கிப் போட்டுட்டு கையில் கட்டுற பேண்ட் வாங்கலாமா? போனே போதுமா? 2,000 ரூபாய்க்குள் இருந்தா நல்லது.

பாலாற்றங்கரை:
தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி காதுகிட்ட வச்சு மேலும் கீழுமா ஆட்டிப் பாருங்க. "டிக் டிக்"னு சத்தம் வந்தா அது ஸ்பிரிங் வகை. உள்ளே சின்ன நெம்புகோல் ஒண்ணு மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும். அடி வைக்கும்போது இடுப்பு ஏறி இறங்கும், நெம்புகோல் போய்த் தட்டும், ஒரு எண்ணிக்கை ஏறும். அதனால கருவி நேரா நின்னாதான் வேலை செய்யும். கைப்பையில் அது படுத்துக் கிடக்கு, எப்படி எண்ணும்? வண்டியில் போகும்போது பை மடியில் நிமிர்ந்து இருந்திருக்கும், ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடின்னு கணக்காயிடுச்சு. ரெண்டு கோளாறுக்கும் காரணம் ஒண்ணுதான். வண்டியில் ஏறும்போது வேணும்னே படுக்க வச்சுட்டா அந்தப் பொய்க் கணக்கு பெருமளவு நின்னுடும்.

புடவைக்கு இடம்: உள்பாவாடை நாடா. கொசுவம் செருகுற நடுப்பகுதி வேண்டாம், அங்கே துணி மொத்தமா இருக்கும், வயிறும் தள்ளி கருவி முன்பக்கம் சாஞ்சிடும். முழங்காலுக்கு நேர் மேலே, இடுப்பின் பக்கவாட்டில் நாடாவோட சேர்த்து கிளிப் பண்ணுங்க. நாடா தளர்வா இருந்தா கருவி ஆடும், இறுக்கிக் கட்டணும். கூடவே ஒரு கயிறு போட்டு பாவாடையோட ஊக்கு குத்திடுங்க. பெடோமீட்டர் சாகிற இடம் பெரும்பாலும் பாத்ரூம் பக்கெட்தான்.

மாட்டினதும் பூஜ்யத்தில் வச்சு, வாய்விட்டு எண்ணி சரியா 100 அடி நடக்கச் சொல்லுங்க. 95 முதல் 105க்குள் காட்டினா வீட்டு உபயோகத்துக்குப் போதும். மூணு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

சத்துவாச்சாரி_மகன்:
நன்றிண்ணா. டிக் டிக் சத்தம் வருது. நீங்க சொன்ன இடத்தில் மாட்டிப் பார்த்தோம். 84, 88, 86. அம்மா மெதுவாத்தான் நடப்பாங்க.

கோட்டை_காலை_நடை:
அப்போ கோளாறு இடத்தில் இல்லை, வேகத்தில். மெதுவா, பாதத்தை இழுத்து நடக்கிறவங்களோட இடுப்பு ஏறி இறங்குற விசை அந்த ஸ்பிரிங்கைத் தள்ளப் போதாது. மணிக்கு 3 கி.மீ.க்குக் கீழே போனா நல்ல ஸ்பிரிங் கருவியே அடிகளை விட ஆரம்பிச்சிடும். உங்களுக்கு வேண்டியது மூணு அச்சு சென்சார் இருக்கிற வகை. பெட்டியில் "3டி" அல்லது "ட்ரை ஆக்சிஸ்"னு போட்டிருக்கும், ஆட்டினா சத்தம் வராது. நேரா, படுக்க, சாய்வா எப்படி வச்சாலும் எண்ணும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: எண் பெரிசா, கண்ணாடி போடாம படிக்கிற அளவுக்கு இருக்கணும். நள்ளிரவில் தானா பூஜ்யத்துக்குத் திரும்பணும். போன 7 நாள் கணக்கு நினைவில் நிக்கணும். ரீசெட் பட்டன் வெளியே துருத்திக்கிட்டு இருக்கிறதை வாங்காதீங்க, இடுப்பில் அழுந்தி சாயந்திரம் பார்த்தா பூஜ்யம்னு நிக்கும், அதைவிட மனசை விட வைக்கிறது வேற இல்லை. பேட்டரி சிஆர்2032 ஆ இருந்தா நல்லது, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஓம்ரான் மாதிரி கம்பெனிகளோட சென்சார் கருவிகள் முதல் 4 வினாடி நடையை உடனே காட்டாது. தொடர்ந்து நடந்தா சேர்த்துக் காட்டும், அதுக்குள்ள நின்னுட்டா விட்டுடும். அடுப்படியில் நாலு அடி இங்கே, மூணு அடி அங்கேன்னு நடக்கிறது கணக்கில் வராது. வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, பழுதுன்னு திருப்பிக் கொடுக்கப் போயிடாதீங்க.

பேண்ட் பத்தி: அது எண்ணுறது கை வீச்சை. தேங்காய் துருவினா, துணி துவைச்சா, பீடி சுத்தினா கூட சிலது ஏத்திடும். கையில் பை தூக்கிக்கிட்டு மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தா குறைவா ஏறலாம். சில நாளுக்கு ஒரு தரம் சார்ஜ் போடணும். மணி பார்க்கிற மாதிரி எண்ணிக்கையை அடிக்கடி பார்க்கிறவங்களுக்கு அது பலம்தான், மறுக்கலை. உங்க அம்மாவுக்கு என் ஓட்டு கிளிப்புக்கே.

போன் கையோட இருந்தாதான் கணக்கு, வீட்டில் பெரியவங்க போன் டிவி ஸ்டாண்டு மேலதான் கிடக்கும். அப்படியும் வேணும்னா ஆண்ட்ராய்டு 10 முதல் "பிசிக்கல் ஆக்டிவிட்டி" அனுமதி கொடுக்கணும், அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்பை நிறுத்தணும். இதில் ஒண்ணு விட்டாலும் எண்ணிக்கை ஏறாம நின்னுடலாம்.

சத்துவாச்சாரி_மகன்:
சரி, சென்சார் வகையே வாங்கிடறேன். இலக்கு எவ்வளவு வைக்கலாம் சார்? பக்கத்து வீட்டில் 10,000 நடந்தே ஆகணும்ங்கிறாங்க.

பிசியோ_பாகாயம்:
அந்த 10,000 மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட, 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி பெடோமீட்டர் விற்க வச்ச எண் அது. சராசரி 72 வயசுப் பெண்களை வச்சு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு சுமார் 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 நடந்தவங்க மத்தியில் இறப்பு கணிசமா குறைவு. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேற்கொண்டு கூடாம நின்னுடுச்சு.

ஆனா இலக்கே இல்லாம கருவியை மட்டும் மாட்டிவிடாதீங்க. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த ஆய்வில், பெடோமீட்டர் கட்டினவங்க நாளுக்குச் சராசரியா 2,500 அடி வரை கூடுதலா நடந்திருக்காங்க, இலக்கு வச்சுக்கிட்டவங்ககிட்டதான் அந்த ஏற்றம் தெளிவா தெரிஞ்சது.

முதல் வாரம் ஒண்ணும் மாத்த வேண்டாம், வழக்கம்போல இருக்கட்டும். ராத்திரி படுக்கும்போது எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதுங்க. ஏழு நாள் சராசரி 2,400ன்னு வந்தா அடுத்த வாரம் இலக்கு 2,900. ஆறு நாளாவது தொட்டா இன்னும் 500. தொடலைன்னா அதே எண்ணில் இன்னொரு வாரம். வேகமும் முக்கியம்: நிமிஷத்துக்கு 100 அடி வந்தா அது மிதமான உடற்பயிற்சி. கருவியைப் பார்த்துட்டு 10 நிமிஷம் நடக்கட்டும், 1,000 ஏறியிருக்கணும். ஆரம்பத்தில் 700, 800 வந்தாலே போதும்.

சர்க்கரைக்கு, சாப்பிட்டதும் 10-15 நிமிஷ நடை நல்ல பலன் தரும். மூணு வேளையும் அப்படி நடந்தா எண் தன்னால ஏறும். இன்சுலின் அல்லது சர்க்கரையை இறக்குற மாத்திரை எடுத்தா குளுக்கோஸ் பொட்டலம் ஒண்ணு முந்தானையில் முடிஞ்சுக்கட்டும். பாதத்தில் மதமதப்பு இருந்தா வெறுங்கால் நடை கூடவே கூடாது, எம்சிஆர் செருப்பு (மெத்துனு இருக்கிற ரப்பர் செருப்பு) போடணும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினா உடனே டாக்டர். நம்ம ஊர் மே மாச வெயிலில் 7 மணிக்குள்ள காலை நடையை முடிச்சுடுங்க.

பாலாற்றங்கரை:
புதுக் கருவியில் அடியோட நீளம் கேட்கும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே விடாதீங்க. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டர் கல் நட்டிருப்பாங்க. சர்வீஸ் ரோடு பக்கமா, வண்டி இல்லாத நேரத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை நடந்து எண்ணுங்க. 340 அடி வந்தா 20,000 ÷ 340, அதாவது 59 செ.மீ. இது தப்பா இருந்தா அடிக்கணக்கு கெடாது, கிலோமீட்டரும் கலோரியும்தான் கெடும். கலோரியை எப்படியும் நம்பாதீங்க.

குடியாத்தம்_ராஜா:
நடுவில் ஒரு சந்தேகம். எங்க அப்பா காலையில் லுங்கி கட்டிகினுதான் நடப்பாரு. பேன்ட் போட மாட்டாரு. எங்கே மாட்டுறது? திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் எடுத்துட்டுப் போகணும்ங்கிறாரு.

கோட்டை_காலை_நடை:
லுங்கி முடிச்சில் மாட்டினா முடிச்சு அவிழும்போது கருவியும் போயிடும். பச்சை பெல்ட் கட்டுவாருன்னா அதில் மாட்டுங்க. இல்லைன்னா அரைஞாண் கயிறு, கிளிப் பல் கயிறைப் பிடிக்கலைன்னா ரப்பர் பேண்டு ரெண்டு சுத்து போடுங்க. உடம்போட ஒட்டி இருக்கிறதால வியர்வை இறங்கும், சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வைங்க. கிரிவலம் 14 கி.மீ., 59 செ.மீ. அடிக்கு 23,700 வாக்கில் வரும். சில கருவியில் 99,999 வரை போகும், சிலது அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், கையேட்டில் பார்த்துக்கோங்க. ராத்திரி கிளம்பினா 12 மணிக்கு எண் பூஜ்யமாயிடும். பதறாம முந்தின நாள் நினைவை எடுத்துக் கூட்டிக்கச் சொல்லுங்க.