பீர் 1.020-லேயே நிற்கிறது, ஈஸ்ட் செத்துவிட்டதா? (சிங்கப்பூர்)

ஈசூன்வாசி:
வணக்கம். முதல் தடவையாக வீட்டில் பீர் போட்டிருக்கிறேன். வீவக வீடு (அரசு அடுக்குமாடி), துணி காயப்போடும் மூலையில்தான் வாளி இருக்கிறது. 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியச் சாறு) டின் ஒன்று, 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, தண்ணீரோடு மொத்தம் 23 லிட்டர், டின்னோடு வந்த ஈஸ்ட்டையே தூவினேன். ஞாயிறு இரவு போட்டது, திங்கள் காலையிலேயே ஏர்லாக் (மூடியில் கேஸை வெளியே விடும் குழாய்) கடகடவென்று குமிழி விட்டது, செவ்வாய் இரவு அடங்கிவிட்டது. இன்று சனி. ரிஃப்ராக்டோமீட்டர் ஆரம்பத்தில் 1.039 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடினால் எண் ஏறும்), இப்போது 1.020, புதனிலிருந்து அசையவே இல்லை. 1.010 பக்கம் வர வேண்டுமாமே? கூடவே பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு வாசம். கொட்டிவிடச் சொல்கிறார் வீட்டில்.

குமிழிகுமார்:
ஈஸ்ட் படுத்துவிட்டது போல. புது பாக்கெட் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

பழையவாளி:
குமார், பொறுங்கள். எதையும் போடாதீர்கள், கொட்டவும் வேண்டாம்.

ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதைப் பார்த்துச் சர்க்கரையைக் கணக்குப் போடும் கருவி. போட்ட அன்று வெறும் சர்க்கரைத் தண்ணீர், அதனால் சரியாகச் சொல்லும். நொதித்த பிறகு உள்ளே ஆல்கஹால் இருக்கிறது, அதுவும் ஒளியை வளைக்கும், அதையும் சேர்த்துச் சர்க்கரை என்று காட்டிவிடும். 1.039-ல் தொடங்கி 1.020 என்று நிற்கிறது என்றால் உண்மையில் 1.010 பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது வேலை முடிந்தே போயிருக்கும். புதிதாக வருகிற பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கொட்டுகிறார்கள்.

ஒரு ஹைட்ரோமீட்டர் (மிதந்து அடர்த்தி காட்டும் கருவி) வாங்குங்கள், விலை பெரிதாக இராது. மாதிரியை இரண்டு கிளாசுக்கு இடையே நாலைந்து தடவை மாற்றி ஊற்றி கேஸ் போனபின் மிதக்கவிடுங்கள், இல்லாவிட்டால் குமிழி ஒட்டிக்கொண்டு கருவியைத் தூக்கிவிடும். பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிட்டவை, நம்ம ஊர் 30 டிகிரியில் சுமார் 0.003 கூட்டிக்கொள்ளுங்கள். பார்த்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்ற வேண்டாம், குடித்துவிடுங்கள்.

ஏர்லாக் குமிழியை நம்பவே நம்பாதீர்கள், மூடி கொஞ்சம் கசிந்தாலே அது வாயை மூடிக்கொள்ளும்.

ஈசூன்வாசி:
அண்ணே, உயிர் வந்தது. நாளை வாங்கிவிடுகிறேன். அப்போ அந்த ஆப்பிள் வாசம்?

ஹாப்ஸ்ராணி:
அது அசிட்டால்டிஹைட். ஈஸ்ட் ஆல்கஹால் செய்கிற வழியில் இடையில் உண்டாகிற சரக்கு, இன்னும் ஒரு வாரம் ஈஸ்ட் மேலேயே விட்டால் பெரும்பாலும் அதுவே தின்று தீர்த்துவிடும். எனக்கென்னவோ உங்கள் உண்மையான பிரச்சினை சூடுதான் என்று படுகிறது. அந்த மூலையில் 30, 31 இருக்கும், நொதிக்கும்போது வாளிக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடும், ஏல் வகை பீரின் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 வரைதான் சுகம். அடுத்த முறை வாளியைத் தண்ணீர் நிரப்பிய பெரிய டப்பில் வைத்து, பழைய டிஷர்ட்டை மாட்டி அதன் நுனி தண்ணீரில் நனைகிற மாதிரி விட்டு, பக்கத்தில் ஃபேன் போடுங்கள். உறையவைத்த பாட்டில்களைக் காலை மாலை மாற்றுங்கள். முதல் மூன்று நாள் இதைச் செய்தாலே போதும். முடியாது என்றால் நார்வேப் பண்ணைகளின் க்வைக் ஈஸ்ட், அது 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும்.

மதுரைமைந்தன்:
நடுவில் ஒரு கேள்வி. இங்கே மதுரையில் வீட்டில் போடலாமா?

பழையவாளி:
கூடாது தம்பி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமம் இல்லாமல் தயாரிப்பதே குற்றம். சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி, விற்கக் கூடாது. ஈசூன் தம்பி, உங்கள் 23 லிட்டர் போக இந்த மாதம் 7-தான் பாக்கி!

ஈசூன்வாசி:
ஹைட்ரோமீட்டர் வந்துவிட்டது. 30 டிகிரியில் 1.007, அப்படியென்றால் 1.010. அப்படியே நீங்கள் சொன்னதுதான். இன்றைக்கே பாட்டிலில் அடைக்கலாமா?

பழையவாளி:
இன்றைக்கு வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள், அதே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம், அந்த வாசமும் அதற்குள் குறையும். அடைக்கும்போது கேஸ் ஏறுவதற்குச் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், வாளியடி வண்டலை விட்டுவிட்டு 21 லிட்டர் தேறினால் 126 கிராம், கண்ணளவில் போடாமல் தராசில் நிறுங்கள். கூடிப்போனால் கண்ணாடி பாட்டில் வெடிக்கும். முதல் தடவைக்குச் சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது, அமுக்கிப் பார்த்து கல் மாதிரி இறுகிவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.