யுடிஜியில் ஏஸ்-ஜாக் ஆஃப்சூட் வந்தால் ரெய்ஸா, ஃபோல்டா?

சீட்டுக்கட்டு52:
நோ-லிமிட் ஹோல்டம் போக்கர், 9 பேர் மேசை, எல்லாரிடமும் 100 பிக் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே போடும் இரு கட்டாயப் பந்தயங்களில் பெரியது). கையில் இருக்கும் சார்ட்டில் யுடிஜிக்கு (பிக் பிளைண்டுக்கு அடுத்து, முதலில் ஆடும் இடம்) ஏஸ்-ஜாக் ஆஃப்சூட் (வேறு வேறு சின்னம்), ஜோடி 5 எல்லாமே ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்து) என்று இருக்கிறது. அப்படியே ஆடினால் 3-பெட் (என் ரெய்ஸுக்கு மேல் இன்னொரு ரெய்ஸ்) வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சார்ட் தப்பா, ஆட்டம் தப்பா? யுடிஜியும் லோஜாக்கும் ஒன்றா என்பதும் குழப்பம்.

கணக்குப்பிள்ளை:
சார்ட்டின் தலைப்பைப் பாருங்க, அது 6 பேர் மேசைக்கானதா இருக்கும். குழப்பமே அங்கேதான். 6 பேர் ஆடும்போதும் பிக் பிளைண்டுக்கு அடுத்த இடத்தை யுடிஜின்னுதான் சொல்றாங்க, ஆனா அவருக்குப் பின்னால 5 பேர்தான். 9 பேர் மேசையில யுடிஜி, யுடிஜி+1, யுடிஜி+2 மூணும் ஃபோல்டு ஆன (கையை விட்டு விலகின) பிறகு வர்ற லோஜாக்குக்கும் அதே 5 பேர். உங்க யுடிஜிக்கோ 8 பேர். இடத்தோட பேரை விடுங்க, பின்னால எத்தனை பேர்னு எண்ணுங்க.

ஏஸ்-ஜாக்கை வெச்சே கணக்கு போடலாம். அது கையில இருந்தா மீதி 50 சீட்டு, 1225 காம்போ (இரண்டு சீட்டுச் சேர்க்கை). நம்மைவிட ரொம்ப முன்னால இருக்கற கைகள்: ஏஸ் ஜோடி 3, கிங் ஜோடி 6, க்வீன் ஜோடி 6, ஜாக் ஜோடி 3, ஏஸ்-கிங் 12, ஏஸ்-க்வீன் 12. ஆக 42. 8 பேர்ல ஒருத்தர்கிட்டயாவது இதுல ஒண்ணு இருக்க வாய்ப்பு சுமார் 24 சதவீதம். 5 பேர்னா 16, பட்டன்ல (பின்னால பிளைண்ட் போட்ட 2 பேர் மட்டும்) இருந்தா 7கூட இல்ல. ஜாக் விழுந்து டாப் பேர் (பொதுச் சீட்டுல பெரியதோட ஜோடி) கிடைச்சும், பெரிய பாட்டை (நடுவுல சேர்ந்த பந்தயப் பணம்) தோக்கறது இதனாலதான்.

பட்டன்வாசி:
மேலே சொன்னது சரி. 9 பேர் மேசை யுடிஜிக்கு ஒரு பாதுகாப்பான ரேஞ்ச் (ஆட வேண்டிய கைகளின் பட்டியல்) தருகிறேன்: ஜோடி 7 முதல் மேலே எல்லாம், சூட்டடில் (ஒரே சின்னம்) ஏஸ்-10 முதல் ஏஸ்-கிங் வரை, ஏஸ்-5, கிங்-க்வீன், கிங்-ஜாக், க்வீன்-ஜாக், ஜாக்-10, ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-க்வீன் மட்டும். மொத்தம் 108 காம்போ, 1326-இல் 8 சதவீதம். ரேக் (மேசை நடத்துபவர் எடுக்கும் கமிஷன்) குறைவு, எதிரிகள் அதிகம் 3-பெட் செய்யாதவர்கள் என்றால் ஜோடி 5, 6 சேர்க்கலாம். ஜோடிக்கு ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) செட், அதாவது அதே எண்ணில் மூன்றாவது சீட்டு, விழுவது எட்டரைக்கு ஒரு முறைதான், அதனால் 3-பெட்டுக்கு அவற்றை வைத்துக் கால் (எதிரியின் தொகைக்குச் சமமாகப் போடுவது) போடாதீர்கள்.

2.5 முதல் 3 பிக் பிளைண்ட் வரை ரெய்ஸ் போதும். எல்லாக் கைக்கும் ஒரே அளவு வையுங்கள். நல்ல கைக்கு 4, சுமாரான கைக்கு 2.5 என்று மாற்றினால் கவனிக்கிறவர் அரை மணியில் படித்துவிடுவார். லிம்ப் (ரெய்ஸ் இல்லாமல் பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு நுழைவது) வேண்டவே வேண்டாம்: பிளைண்டுகளை அங்கேயே வெல்லும் வாய்ப்பு போகிறது, பிறகு நாலைந்து பேர் நுழைந்து அந்தக் கை முடியும் வரை பொசிஷன் இல்லாமல் (எதிரிகளுக்கு முன்பே) ஆட வேண்டி வரும்.

மேசையில் ஸ்ட்ராடில் (சீட்டு வரும் முன்பே விருப்பப்பட்டுப் போடும் கூடுதல் பிளைண்ட்) ஓடினால் கவனம். யுடிஜி 2 பிக் பிளைண்ட் ஸ்ட்ராடில் போட்டால் ப்ரீஃப்ளாப்பில் (பொதுச் சீட்டு விழும் முன்) அவருக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதலில் ஆட வேண்டும். 100 பிக் பிளைண்ட் ஸ்டாக்கும் (கையிருப்பு) நடைமுறையில் 50 ஆகிவிடும்.

சீட்டுக்கட்டு52:
ஆமாம், 6 பேர் சார்ட்தான். யுடிஜி ரெய்ஸுக்கு யுடிஜி+1 3-பெட் போட்டால், க்வீன் ஜோடியை 4-பெட் செய்யலாமா?

கணக்குப்பிள்ளை:
முதல்ல பேரைப் புரிஞ்சுக்குங்க: பிக் பிளைண்டே முதல் பெட், உங்க ரெய்ஸ் இரண்டாவது, அவரோடது மூணாவது. யுடிஜி ரேஞ்ச் இறுக்கமானதுன்னு தெரிஞ்சே யுடிஜி+1-ல இருந்து 3-பெட் போடறவர்கிட்ட பலமான கைதான் இருக்கும். 4-பெட் போட்டா ஜாக் ஜோடி, ஏஸ்-க்வீன் எல்லாம் ஓடிடும். மிஞ்சறது ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங். அந்த ரேஞ்சுக்கு எதிரா க்வீன் ஜோடிக்கு சுமார் 40 சதவீதம்தான் ஈக்விட்டி (சராசரியா ஜெயிக்கற பங்கு). கால் போடுங்க. ஏஸ்-க்வீன் ஆஃப்சூட்னா ஃபோல்டு.