சனி, ஞாயிறு வீடியோ டெஸ்க்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எடிட்பே மீனா:
வணக்கம் தோழர்களே. சென்னையில் ஒரு செய்தி சேனலின் டிஜிட்டல் பிரிவில் இருக்கிறேன். இதுவரை எடிட்டிங்கும் ஸ்கிரிப்ட்டும்தான் என் வேலை. வரும் மாதத்திலிருந்து வார இறுதி வீடியோவுக்கு நான்தான் இன்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். வார நாளில் ஒன்பது கேமரா யூனிட் ஓடும், சனி ஞாயிறில் நான்குதான். அந்த நான்கும் காலை பத்து மணிக்குள் பிரஸ் மீட்டுக்கும் விமான நிலையத்தில் தலைவர்கள் பேசும் பைட்டுக்கும் போய்விடுகின்றன. பதினோரு மணிக்கு எங்காவது தீ விபத்து என்றால் அனுப்ப ஆளில்லை. ஒளிபரப்பைப் பார்க்கும் அவுட்புட் டெஸ்க் லைவ் கேட்கிறது, யூடியூப் டீம் ஷார்ட்ஸ் கேட்கிறது. சீனியர்களுக்கெல்லாம் அன்றைக்கு வீக் ஆஃப். யூனிட்டை எப்படிப் பிரிக்கிறீர்கள்? வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோவில் எது போகலாம், எது போகக்கூடாது என்று யார் முடிவெடுப்பது?

நுங்கம்பாக்கம்காரி:
மீனா, நாலு யூனிட் இருந்தால் மூன்றுக்குத்தான் வேலை போடு. நாலாவது, வண்டி, டிரைவர், சிம் மூலம் லைவ் அனுப்பும் பேக்பேக் எல்லாத்தோடும் ஆபீஸ் வாசலில் நிற்கட்டும். "சும்மாதானே நிக்குது, அரை மணி நேரம் கொடு" என்று ஒவ்வொருத்தராக வருவார்கள். கொடுக்காதே. வார இறுதி இன்சார்ஜின் வேலையில் பாதி இந்த ஒரு வண்டியைக் காப்பாற்றுவதுதான்.

மற்ற மூன்றை எங்கே போடுவது என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிவாகிவிட வேண்டும். நான் முதலில் பார்ப்பது தினசரி காலண்டரை. ஞாயிறு முகூர்த்த நாள் என்றால் தலைவர்கள் ஆளுக்கொரு கல்யாண மேடையில் இருப்பார்கள், மணமக்களை வாழ்த்திவிட்டு அரசியல் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கட்சிக்காரர்களே லைவ் போடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு, யார் கொடுத்த காட்சி என்று திரையில் எழுதிவிடு. நம் கேமரா மண்டபத்து வாசலில் நிற்கட்டும். தலைவர் வெளியே வரும்போது கேள்வி கேட்க நம் ஆள் வேண்டும், மேடைப் பேச்சுக்கு வேண்டாம்.

மழைக்காலம் வேறு கணக்கு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. பகலெல்லாம் சென்னையில் தண்ணீர், விமான நிலையம் மூடல். எல்லா கேமராவும் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. ஞாயிறு காலை செய்தி சென்னையில் இல்லை, புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் இருந்தது. அன்று சாயங்காலம் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். திங்கள் ஊத்தங்கரையில் வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நான் சனி மத்தியானமே ஒரு யூனிட்டைத் திண்டிவனத்துக்கு அனுப்பி லாட்ஜில் தங்கச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து புதுச்சேரிக்கும் போகலாம், விழுப்புரத்துக்கும் போகலாம், திருவண்ணாமலைக்கும் போகலாம். நுங்கம்பாக்கம் வானிலை மையம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, வரைபடத்தில் ரோடு பிரிகிற ஊர் எது என்று பார். யூனிட்டை அங்கே நிறுத்து.

எது போகக்கூடாது என்று கேட்டாயே. நிறுத்தும் அதிகாரம் உனக்கு உண்டு என்று ஆசிரியரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள். அது இல்லாமல் இந்தப் பொறுப்பை ஏற்காதே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவர் போன் எடுக்காமல் போகலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகத்தோடு நிற்கவில்லை. வீடு, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரிய வைக்கும் எதையும் காட்டக்கூடாது. முகத்தை பிளர் பண்ணிவிட்டு, நிருபர் தெருமுனையில் பெயர்ப்பலகையோடு நின்று கேமராவைப் பார்த்துப் பேசி பிடிசி கொடுத்தால் எல்லாம் போச்சு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தம்ப்நெயில் போடும் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் விஷயம் கசிவது அங்கேதான்.

மாவட்டத்து நிருபர்:
அக்கா சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கிறேன். 41 பேர் இறந்த கரூர் நெரிசல், 2025 செப்டம்பர் 27, அதுவும் சனிக்கிழமை ராத்திரிதான். அந்த மாதிரி நேரத்தில் இறந்தவர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கும். எண்ணிக்கை போடும்போது யார் சொன்னது, எத்தனை மணி நிலவரம் என்ற ரெண்டும் திரையில் போடும் கார்டில் இருக்கணும். நேரம் இல்லாத கார்டு ஸ்கிரீன்ஷாட்டாகி மறுநாள் வரைக்கும் சுத்தும். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஸ்ட்ரெச்சரில் இருக்கிற குழந்தையின் முகத்தை எடுக்கச் சொல்லி எங்களிடம் கேட்காதீங்க. பெத்தவங்களுக்குத் தகவல் போகும் முன்னாடி வீடியோ போயிடுது. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ வந்தா, எடுத்தவர் யார்னு பிடிச்சு ரெண்டு நிமிஷம் போனில் பேசுங்க. எங்கே நின்னீங்க, பக்கத்தில் என்ன கடைன்னு கேட்டாலே பழைய வீடியோ எது, புது வீடியோ எதுன்னு தெரிஞ்சுடும்.

முக்காலி:
நான் கேமராமேன். 2024 அக்டோபர் 6, ஞாயிறு, மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. அந்த வெயிலிலும் நெரிசலிலும் அஞ்சு உயிர் போச்சு. கடற்கரையில் ஒரு சிம்மும் வேலை செய்யல. பேக்பேக்கில் எல்லா சிம்மும் இருந்தும் படம் உறைஞ்சு உறைஞ்சுதான் போச்சு. டெஸ்க்கில் மூணு பேர் மாத்தி மாத்தி போன் பண்ணி லைவ் கேட்டாங்க. கடைசியில் கேமராவின் மெமரி கார்டைக் கழட்டி உதவியாளரிடம் கொடுத்தேன், அவர் ராயப்பேட்டை வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து பைக்கில் ஆபீஸ் கொண்டுவந்தார். பெரிய கூட்டம்னா கார்டு எடுத்து வர ஒரு பைக் ஆளை முன்னாடியே போடுங்க மேடம். யூனிட்டுக்கு டெஸ்க்கிலிருந்து ஒரே ஒருத்தர்தான் பேசணும். அவர் முதலில் கேட்க வேண்டியது, தண்ணி இருக்கா, சாப்பிட்டீங்களா.

எடிட்பே மீனா:
ரொம்ப நன்றி. மெயில் விஷயத்தைத் திங்களே கேட்டுவிடுகிறேன். அனுப்பும் செய்திக்குப் பணம் வாங்கும் மாவட்ட ஸ்டிரிங்கர்களுக்கு வார இறுதிக்கென்று தனி வாட்ஸ்அப் குழு வேண்டுமா?

மாவட்டத்து நிருபர்:
வேணும். அதில் குட் மார்னிங் கூட வேண்டாம். இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் நாலும் எழுதாத வீடியோவை எடுக்கமாட்டேன்னு முதல் நாளே சொல்லிடுங்க. டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா படம் நசுங்கிப்போகும். அப்புறம், ஞாயிறு நாங்க அனுப்பினதை அன்னிக்கு ராத்திரியே கணக்கில் ஏத்திடுங்க. திங்கள் டெஸ்க்குக்கு அது தெரியாது, எங்களுக்குப் பணமும் வராது.